பெரியப்பா கணக்கு பெரியப்பா காதுக்கு மட்டும்

ஜூன் 9, 2025, திங்கள்

பெரியப்பாவுக்குப் புது போன் வாங்கியாச்சு. பாபநாசத்துக் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த ஆண்ட்ராய்டு. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் போனுக்குள்ளேயே இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு பைசா கொடுக்க வேண்டாம் என்று சொன்னதை அவர் நம்பவே இல்லை. ஒருமுறை அமைத்துவிட்டால், சத்தத்தைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் போதும், பேச ஆரம்பித்துவிடும்.

அவருக்குக் கண் நீர் அழுத்த நோய். முதலில் ஓரப் பார்வையைத்தான் அது எடுக்கும். வரப்பில் நடக்கும்போது கால் இடறியதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். டாக்டரிடம் போனபோது நரம்பு பெரும்பாலும் போயிருந்தது. போன நரம்பு திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பதற்கு மட்டும்தான். எனக்குக் கல்லூரி முடிப்பதற்குள்ளேயே பார்வை முழுக்கப் போய்விட்டது, அதனால் வீட்டில் எல்லோரும் "நீதான் அவருக்குச் சொல்லித் தரணும்" என்று என்னிடம் விட்டுவிட்டார்கள்.

அவசரமாகப் போன் வாங்கியதற்குக் காரணம் உண்டு. கோடை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டார். பணம் நேராகப் பேங்க் கணக்குக்குப் போகும், போனுக்கு மெசேஜ் வரும். பழைய பட்டன் போனில் வந்த மெசேஜைப் பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொன்னான். மறுநாள் டீக்கடையில் அந்தத் தொகைதான் பேச்சு. சாயங்காலமே ஒருவர் கைமாற்று கேட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். பையன் மேல் குற்றமில்லை, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற பிள்ளை அவன். எங்கள் ஊரில் உதவிக்கு ஆளில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் மருந்துச் சீட்டோ, கோர்ட் நோட்டீஸோ, மகன் அனுப்பிய கடிதமோ, எதைப் படிக்கச் சொன்னாலும் நம் வீட்டு விஷயம் இன்னொருவர் வாய்க்குப் போகிறது. கண் போனவர்களுக்குப் போன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் இன்று திறந்தார்கள். குறுவைப் பேச்சுக்கு நடுவே பெரியப்பாவுக்குப் பாடம் ஓடுகிறது.

ஒரு விரலால் திரையைத் தடவினால் விரலுக்கு அடியில் இருப்பதைச் சொல்லும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது. வேண்டியது வந்ததும் எங்கே வேண்டுமானாலும் இரண்டு தட்டு. இவ்வளவுதான் அடிப்படை. ஆனால் மண்வெட்டி பிடித்த கை, எதையும் அழுத்தித்தான் தொடும்.

"அழுத்தாதீங்க பெரியப்பா, லேசாத் தொட்டாப் போதும்."

"லேசாத் தொட்டா அதுக்கு எப்படித் தெரியும் பாப்பா?"

அப்புறம், "இந்தப் பொண்ணு ஏன் இப்படிப் பறக்குது, நிறுத்திப் பேசச் சொல்லு" என்றார். வேகத்தைக் குறைத்து வைத்தேன். நான் கேட்கும் வேகத்தில் என் போன் பேசினால் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. பழகப் பழகக் காது அதற்கு ஈடுகொடுத்துவிடும். அவருக்கும் வரும்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று இயர்போன் போட்டுக் கொடுத்தேன். டாக்பேக்கிலேயே திரையை இருட்டாக்கி வைக்கிற வசதி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கறுப்புத் திரைதான் தெரியும், உள்ளே போன் வழக்கம்போல் வேலை செய்யும். பின் நம்பர் தட்டும் இடத்தில் விரலுக்கு அடியில் வரும் எண்ணைக் குரல் சொல்லிக்கொண்டே வரும் என்பதால், காதில் இயர்போன் இல்லாமல் பணம் அனுப்பவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

உரத்துக்குப் பணம் எடுத்திருந்தார், அதற்கான மெசேஜ் வந்தது. அவரே பெட்டியைத் திறந்தார், தள்ளினார், நின்றார், கேட்டார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லை பெரியப்பா."

"மிச்சம் எவ்வளவுன்னு சொல்லிருச்சு" என்றார். எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "காபி குடிக்கிறியா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

ஓட்டுப் போடுவதிலும் எனக்கு இதே கதைதான். இயந்திரத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் நேராக, நீலப் பொத்தானுக்குப் பக்கத்தில், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் வரிசை எண் இருக்கும். பிரெயிலில் அச்சடித்த மாதிரி வாக்குச்சீட்டையும் வாக்குச்சாவடியில் கேட்டு வாங்கலாம். அதில் பெயரைப் பார்த்து எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போய் அழுத்த வேண்டியதுதான். துணைக்கு ஒருவரை அழைத்துப் போகவும் சட்டம் இடம் கொடுக்கிறது. 2024 ஏப்ரல் 19 அன்று நான் தனியாகத்தான் உள்ளே போனேன். யாருக்குப் போட்டேன் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளிக்கு வந்த சுற்றறிக்கை ஒன்றில் அரை மணி நேரம் போயிற்று. கம்ப்யூட்டரில் திரையை வாசித்துச் சொல்ல நான் வைத்திருப்பது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த இலவச மென்பொருள், இருவருமே பார்வையற்றவர்கள். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடில் எழுதியிருந்தால் தமிழை அழகாக வாசிக்கும். இந்தச் சுற்றறிக்கையோ பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. பார்க்கிற கண்ணுக்குத் தெரிவது 'தமிழ்' என்ற சொல். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். என் காதில் விழுந்தது: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பக்கம் பூராவும் இப்படியே.

தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். இன்னமும் யாரோ ஒருவர் பழைய கீபோர்டிலேயே அடித்துக்கொண்டிருக்கிறார். அடித்ததை யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஒட்டி அழுத்தினால் மாறிவிடும். செலவில்லை, நேரமுமில்லை. அதைச் செய்யாமல் விடுவதால் ஓர் ஆசிரியை தனக்கு வந்த உத்தரவை இன்னொருவர் வாசிக்கக் கேட்க வேண்டியிருக்கிறது. இது எனக்குக் கோபம் தருகிறது, சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 5, சனி

பெரியப்பாவுக்கு கேஒய்சி, அதாவது பேங்க் கேட்கும் அடையாளச் சரிபார்ப்பைப் புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ். பேங்க் ஆப்பில் முயன்றோம். முதல் பக்கத்திலேயே "பெயரிடாத பொத்தான், பெயரிடாத பொத்தான், பெயரிடாத பொத்தான்". மென்பொருள் எழுதுபவர் ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ளே ஒரு பெயர் கொடுத்தால்தான் டாக்பேக்கால் சொல்ல முடியும். அதைத் தாண்டினால், முகத்தை வட்டத்துக்குள் வைத்துக் கண் சிமிட்டச் சொல்கிறது. வட்டம் எங்கே இருக்கிறது என்று குரலில் ஒரு குறிப்பும் இல்லை.

சரி என்று கிளைக்கே போனோம். வாசலில் உயரமான மூன்று படிகள், பக்கத்தில் ஒரு சாய்தளம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. ஒன்றரை அடி ஏற வேண்டுமென்றால் பதினெட்டடி நீளத்துக்குச் சரிவு வேண்டும். அங்கே போட்டிருப்பது நான்கைந்து எட்டில் முடிந்துவிடுகிறது. என் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை அதில் ஏறினால் பின்பக்கம் சாய்ந்துவிடும்.

உள்ளே, "கூட யார் வந்திருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் என்றேன். "பார்வை உள்ளவங்க யாரும் வரலியா?" அப்புறம் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள், மகனைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். வாழ்நாள் பூராவும் தமிழில் கையெழுத்துப் போட்ட மனிதர் அவர். பேசாமல் நின்றார்.

பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம், லாக்கர், கடன் என எந்தச் சேவையையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கேஒய்சி பற்றி உச்ச நீதிமன்றம் இந்த ஏப்ரல் 30 அன்றுதான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆசிட் வீச்சில் கண்ணிமை சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. டிஜிட்டல் வசதியை எல்லோரும் பயன்படுத்த முடிவது வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். 20 கட்டளைகள் போட்டது. கண் சிமிட்டினால்தான் ஆள் உயிரோடிருக்கிறார் என்று ஏற்கக் கூடாது, வேறு வழியும் வேண்டும் என்பது அதில் ஒன்று. மேலாளரிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். எழுதிக் கொடுங்கள் என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்றைக்கு அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது. ராத்திரி சாப்பிடவில்லையாம்.

காலையில் பழைய தினக் காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து, கையெழுத்து அளவுக்கு ஒரு நீள ஓட்டை வெட்டினோம். விரல் நீளம், அரை விரல் அகலம். படிவத்தில் கையெழுத்துக் கட்டத்தின் மேல் அந்த ஓட்டையை யாராவது ஒருமுறை பொருத்திவிட்டால் போதும், பேனா கோட்டை விட்டு வெளியே போகாது. இடது கைக் கட்டைவிரல் ஓட்டையின் இடது முனையில், அங்கிருந்துதான் முதல் எழுத்து. பெரியப்பா போட்டார். பெரியம்மா குனிந்து பார்த்துவிட்டு, "பத்திரத்துல போட்ட அதே கையெழுத்து" என்றார். நோட்டு முழுக்கப் போட்டுக்கொண்டே இருந்தார் மனிதர்.

சொட்டு மருந்துக் குப்பிகளுக்கும் வழி செய்தாயிற்று. இரண்டும் ஒரே உயரம், ஒரே மூடி. காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரி மருந்துக்கு இரண்டு.

ஜூலை 20, ஞாயிறு

நோட்டுப் பாடம். 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. ஆக நூறுக்கும் இருநூறுக்கும் நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஒரு நெல்மணியின் நீளம்கூடக் கிடையாது. ஓரத்தில் தடவிப் பார்க்கப் புடைத்த கோடுகள் உண்டு, நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. புது நோட்டில் என் விரலுக்குத் தெரியும். மீன்காரம்மா இடுப்பில் கிடந்து வந்த நோட்டில் எனக்கே தெரியாது, காய்ப்பு ஏறிய பெரியப்பா விரலுக்கு எங்கே தெரியப்போகிறது?

ரிசர்வ் வங்கியின் மணி செயலியைப் போட்டுக் கொடுத்தேன், 2020-இல் வந்தது. கேமரா முன் நோட்டைப் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், இன்டர்நெட் தேவையில்லை. கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது. கடையில் அவசரத்துக்கு இது சரிப்படாது, வீட்டில் பிரித்து அடுக்க உதவும். ஐந்நூறு மடிக்காமல், இருநூறு ஒரு மடிப்பு, நூறு இரண்டு மடிப்பு. கடைக்குப் போகும்போது மடிப்பே சொல்லிவிடும்.

இருபது ரூபாய் நாணயத்தைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு. பன்னிரண்டு பக்கம், தொட்ட மாத்திரத்தில் தெரிகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. குடமுருட்டிப் படித்துறையில் ஒரே கூட்டம். பெரியப்பா இந்த வருடம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார், வெள்ளைக் கோலோடு நாலு பேர் முன்னால் போவதற்குக் கூச்சம். பெரியம்மா காதோலை கருகமணியெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, "நீங்க வராம நான் போகமாட்டேன்" என்று உட்கார்ந்த பிறகுதான் கிளம்பினார்.

கோல் விஷயத்தில் நம் மண்ணுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பென்சில் மாதிரி மெல்லிய முனை உள்ள கோல், தண்ணீர் வந்த பிறகு களிமண்ணில் குத்தி நின்றுவிடும், கைப்பிடி வயிற்றில் இடிக்கும். உருண்டையாகப் பெரிய முனை உள்ளதை வாங்கினால் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நெஞ்சு உயரம் இருக்க வேண்டும், குட்டையானது ஆகாது.

போகும் வழியில், காயப்போட்ட நெல்லைச் சுற்றி வைத்த கற்கள் இன்னும் ரோட்டோரம் கிடக்கின்றன. நெல் காய வேறு களமில்லை என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் ரோட்டில்தான் காயப்போடுகிறோம். நெல்லை அள்ளும்போது கல்லையும் அள்ளிவிட்டால் புண்ணியமாகப் போகும்.

படித்துறையில் கோலால் ஒவ்வொரு படியின் விளிம்பையும் தொட்டு, உயரத்தைப் பார்த்து, இறங்கினார். மூன்றாவது படியில் தண்ணீர். நின்று முகம் கழுவினார். "போன வருஷத்தைவிட வரத்து ஜாஸ்தி" என்றார், சத்தத்தை வைத்தே.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிராம சபை. நூறு நாள் வேலை, குடிநீர், வாய்க்கால் தூர் என்று போய், என் முறை வந்தது. ஊராட்சி வாட்சப் குழுவில் அறிவிப்பை எல்லாம் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். என் போன் "படம்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் செயலிகள் உண்டு, அச்சு என்றால் ஓரளவு படிக்கும், கையால் எழுதிய தமிழில் திணறும். அறிவிப்பை நாலு வரி தட்டச்சு செய்தோ, வாயால் பேசியோ போடுங்கள் என்று கேட்டேன். படிக்கத் தெரியாத பாட்டிகளும் பேசிய அறிவிப்பைக் கேட்பார்கள் என்றதும் பெண்கள் பக்கம் நல்ல ஆதரவு. தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க இந்த ஏப்ரலில் சட்டமன்றத்தில் சட்டத்திருத்தம் நிறைவேறியிருக்கிறது. அப்படி ஒருவர் ஊராட்சியில் உட்கார்ந்தால், இதைக் கேட்க ஒருத்தி ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

குழுவில் இன்று முதல் முறையாக எழுத்தில் அறிவிப்பு: தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள், நாளைக் காலை குழாயில் தண்ணீர் வராது. பெரியப்பா அதைக் கேட்டுவிட்டு, எனக்கு முன்னாலேயே பெரியம்மாவிடம் குடம் நிரப்பச் சொல்லியிருக்கிறார்.

பேங்க் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பியாச்சு. கேட்டிருப்பவை: காகிதப் படிவத்தில் கேஒய்சி, அவர் கையெழுத்தையே ஏற்பது, தனிக் கணக்காகவே தொடர்வது, செயலியில் பொத்தான்களுக்குப் பெயர், சாய்தளத்தை நீட்டுவது. கூடவே ஏடிஎம். 2014 ஜூலை 1 முதல் வைக்கும் எந்தப் புது ஏடிஎம்மும் பேச வேண்டும், விசைகளில் பிரெயில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இங்கே பிரெயில் இருக்கிறது, ஆனால் இயர்போன் செருகும் துளை தூசி அடைத்துக் கிடக்கிறது. அதைத் துடைக்கச் சொல்லியும் ஒரு வரி.

மனுவின் அடியில் அட்டையை வைத்துப் பெரியப்பாவே கையெழுத்துப் போட்டார். பதில் வந்ததும் எழுதுகிறேன்.