லேனர்ஸ் எழுத்துப் பரீட்சை, ரெண்டாவது தடவையில பாஸ்

போன செவ்வாய்க்கிழமை நுவரெலியாவுல டிரைவிங் லைசன்ஸுக்கான எழுத்துப் பரீட்சை பாஸ் ஆகிட்டேன். எனக்கு 17 வயசு, ஏ.எல் படிக்கிறேன், வீடு ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) லைசன்ஸ் எடுக்கப்போற மொத பொம்பளப்புள்ள நான்தான், அதனால பாக்குறவங்க எல்லாம் ஆளுக்கொரு கேள்வி கேக்குறாங்க, சரி எல்லாத்தையும் இங்கயே எழுதிடலாம்னு ஒக்காந்துட்டேன்.

17 முடிஞ்சா விண்ணப்பிக்கலாம், லைசன்ஸ் கையில கெடைக்க 18 ஆகணும். மெடிக்கல் எடுக்கணும், ஐடென்டிட்டி கார்டும் பொறப்புச் சான்றிதழும் வேணும். ரெண்டுலயும் பேரு ஒரே எழுத்துல இருக்கான்னு இப்பவே எடுத்துப் பாருங்க, தோட்டத்துல பொறந்த நெறைய பேருக்கு ஒன்னுல ஒரு மாதிரியும் இன்னொன்னுல வேற மாதிரியும் இருக்கும், கடைசி நேரத்துல அதுக்கு அலையிறது பெரிய வேதனை. பேப்பர்ல 40 கேள்வி, ஒரு மணி நேரம், 30 சரியா இருந்தா பாஸ். தமிழ்லயே எழுதலாம்.

மொத தடவ நான் பெயில்.

நான் போன லேனர்ஸ்ல, அதாவது டிரைவிங் ஸ்கூல்ல, ஒரு போட்டோகொப்பி கட்டக் குடுத்து மனப்பாடம் பண்ணுங்கன்னுட்டாங்க. இதுக்கு ரெண்டாவது விடை, அதுக்கு மூணாவது விடை, அவ்வளவுதான், ஏன்னு யாரும் சொல்லல. நானும் அப்படியே பாடமாக்கிட்டுப் போனேன், ஹோல்ல பேப்பரத் திருப்புனா கேள்வி வேற மாதிரி சுத்தி வந்திருக்கு. அதோட அந்தத் தமிழ். சாரதி, பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை, சுற்றுவட்டம், முந்திச் செல்லல், ஒடுங்கிய பாலம். நாங்க வீட்டுல டிரைவர், மஞ்சக்கோடு, ரயில் கேட்டு, ரவுண்டபோட், ஓவர்டேக்னுதானே பேசுறோம், ஒவ்வொரு கேள்வியையும் மனசுக்குள்ள நம்ம பேச்சுக்கு மாத்தி வெளங்கிக்கிறதுக்குள்ள நேரம் ஓடிருச்சு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப அழுதேன். அம்மா ஒன்னும் கேக்கல, பிளேன்டீ ஊத்திக் குடுத்தாங்க. அப்பாதான் ராத்திரி சாப்ட்டு முடிச்சிட்டு "அந்த புத்தகத்தக் கொண்டா பாப்பா, நீ வாசி, நான் ரோட்டச் சொல்றேன்"ன்னாரு. அப்பா 22 வருஷமா தோட்டத்துல கொழுந்து லொறி ஓட்டுறாரு. அஞ்சாம் வகுப்போட படிப்ப விட்டவரு, புத்தகத் தமிழ் அவருக்கும் கஷ்டம், ஆனா அதுல இருக்க சட்டம் பூரா அவரு கையிலயும் காலுலயும் இருக்கு, அது அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

மொத ராத்திரி வந்தது ஏத்தக் கேள்வி. ஒடுங்கலான மலை ரோட்டுல ரெண்டு வாகனம் எதிரெதிரா வந்தா யாருக்கு முன்னுரிமை? நான் மனப்பாடத்துல 'மேலே ஏறும் வாகனத்துக்கு'ன்னேன். ஏன்னு அப்பா கேட்டாரு, எனக்குத் தெரியல. "லோடோட ஏறிக்கிட்டிருக்கவன நிப்பாட்டுனா திரும்ப எடுக்குறப்ப வண்டி பின்னால உருளும், எறங்கி வாறவன் ஓரமா நிப்பாட்டிட்டு லேசா எடுத்துருவான், அதான் ஏறுறவனுக்கு விடுறது"ன்னாரு. அதுக்கப்புறம் அந்தக் கேள்விய எப்படி மாத்திக் கேட்டாலும் எனக்கு மறக்காது.

பனிமூட்டமும் அப்படித்தான். கொட்டகலைப் பக்கம் பகல்லயே ரோடு தெரியாம மூடுமே, அப்ப பெரிய லைட்டப் போட்டா வெளிச்சம் பனியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால வெள்ளச் செவுரு மாதிரி நிக்கும், அதனால டிம் பண்ணி மெதுவா போகணும்.

எறக்கத்துக்கு கியர் கேள்வி வந்தப்ப அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு ரோட்டு எறக்கத்துல பஸ் ஒன்னு வேனோடயும் ஆட்டோவோடயும் மோதி 7 பேர் செத்துப்போனது எங்க பக்கத்துல யாருக்கும் மறக்கல. "எறக்கத்துல பிரேக்கயே மிதிச்சுக்கிட்டு வந்தா சூடாகி புடிக்காமப் போயிரும், எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு"ன்னாரு. புத்தகத்துல அதுக்கு ஒரு வரிதான் இருக்கு. என்னயக் கேட்டா மலையகத்துல இருக்க ஒவ்வொரு லேனர்ஸ்லயும் இத ஒரு நாள் பூரா சொல்லிக் குடுக்கணும்.

ரோட்டோரத்துல இருக்க போர்டு படம் மட்டும் நான்தான் அப்பாவுக்குச் சொன்னேன். மஞ்ச டயமன்ட்னா எச்சரிக்கை, செவப்பு வட்டம்னா செய்யக்கூடாது, நீல வட்டம்னா கட்டாயம் செய்யணும். வேலி மாதிரி படம்னா கேட்டு உள்ள ரயில் கடவை, எஞ்சின் படம்னா கேட்டு இல்லாத கடவை. எஞ்சின் படம் அப்பாவுக்கே புதுசு, ரெண்டு தடவ திருப்பிக் கேட்டாரு.

இப்படியே மூணு வாரம். ஒரு கொப்பியில இடது பக்கம் புத்தகச் சொல்லு, வலது பக்கம் நம்ம சொல்லு, கீழ அப்பா சொன்ன காரணம்னு எழுதிக்கிட்டே வந்தேன். பரீட்சை அன்னைக்கு மொத பஸ்ஸுல போனேன், தலவாக்கலை தாண்டுற வரைக்கும் மழை, மடியில கொப்பிய வச்சுக்கிட்டு வெளிய தெரியிற ஒவ்வொரு போர்டுக்கும் புத்தகப் பேரச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். இந்தத் தடவ பேப்பர முடிச்சுட்டு மறுபடி ஒருக்கா வாசிக்கவும் நேரம் இருந்துச்சு.

பாஸ்னு தெரிஞ்சதும் அப்பாவுக்கு கோல் பண்ணேன். கொழுந்து நிறுக்குற எடத்துல நின்னிருக்காரு, சத்தமா இருந்துச்சு. மார்க்ஸ் எவ்வளவுன்னு கேக்கல, "ஏத்தக் கேள்வி வந்துச்சா"ன்னுதான் கேட்டாரு. வந்துச்சுப்பான்னேன்.

இனி ட்ரயல், வண்டிய ஓட்டிக் காட்டுற பரீட்சை. எழுத்துப் பரீட்சை முடிஞ்சு மூணு மாசம் கழிச்சுத்தான் அதுக்குப் போகலாம், ஓட்டிப் பழகக் குடுக்குற பெர்மிட் 18 மாசம் செல்லும், அதுக்குள்ள எடுத்துரணும். மாமாவோட பழைய வேன்ல முன்னுக்கும் பின்னுக்கும் 'L' போர்டு கட்டியாச்சு, பக்கத்துல லைசன்ஸ் உள்ளவரா மாமா இருப்பாரு, அப்பாவுக்கு லீவு கெடச்சா அவரும் வாரேன்னிருக்காரு. கொப்பிய மேல் லயத்துல இருக்க ஒரு தங்கச்சி வாங்கிட்டுப் போயிருக்கா, அவளுக்கு அடுத்த மாசம் பரீட்சை.