தாயக்கட்டை இல்லாத டஞ்சன்கள்: இதுவரை ஆடிப் பார்த்தவை

டஞ்சன் கிராலர் (சுரங்க அறைகளுக்குள் புகுந்து சண்டையிடும் கேம் வகை) என்றதும் பலருக்கும் தோன்றுவது இருட்டுச் சுரங்கம், எதிரே ஒரு மான்ஸ்டர், கையில் வாள். ஓங்கி வெட்டினால் ஒரு தடவை படும், அடுத்த தடவை படாது. கணினி உள்ளுக்குள் ஓர் எண்ணை உருட்டி முடிவு செய்துவிடும். எனக்கு அந்த இடம்தான் எப்போதும் இடிக்கும். யோசித்து ஆடியவனும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தவனும் ஒரே எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டுமா? தாயக்கட்டையை ஒதுக்கிவிட்டு ஆடுபுலி ஆட்டத்துக்கு உட்காருவதுபோல, அடியின் விளைவு அடிக்கும் முன்பே தெரிகிற டஞ்சன் கேம்களை மட்டும் இந்த வருடம் ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இந்த மாதிரி கேம்களைப் பெரிய நிறுவனங்கள் அநேகமாகச் செய்வதில்லை. இரண்டு பேர், நான்கு பேர் சேர்ந்து செய்கிற இன்டி கேம்களில் தேடினால் கிடைக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத என் பழைய லேப்டாப்பிலேயே பெரும்பாலானவை தடங்கலில்லாமல் ஓடுகின்றன. ஆனால் பெயரைச் சொன்னால், கேம் ஆடுகிற நண்பர்களிலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டெஸ்க்டாப் டஞ்சன்ஸ். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த க்யூசிஎஃப் டிசைன் என்ற சின்னக் குழு செய்தது. 2010-இல் இலவசமாகச் சுற்றிய ஆரம்ப வடிவமே இன்டி கேம்களுக்கான 2011 ஐஜிஎஃப் விழாவில் சிறந்த வடிவமைப்புக்கான விருதை வாங்கிவிட்டது. முழு கேம் 2013-இல் வந்தது. 2023-இல் முப்பரிமாணத்தில் ‘ரீவைண்ட்’ என்று புதிதாகவும் செய்திருக்கிறார்கள். நான் ஆடுவது 2013 பதிப்பு.

பலகை 20-க்கு 20 கட்டம். தொடக்கத்தில் நம்மைச் சுற்றியுள்ள சில கட்டங்களைத் தவிர எல்லாம் கருப்பு. மான்ஸ்டர்கள் பெரும்பாலும் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில்லை. நாம் போய்த் தொட்டால்தான் சண்டை. ஒரு மான்ஸ்டர் மேல் மவுஸை வைத்தால், இப்போது அடித்தால் நமக்கு எவ்வளவு உயிர் போகும், அதற்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேமே சொல்லிவிடுகிறது. லெவல் 1-இலிருந்து 9 வரை சாதாரண மான்ஸ்டர்கள், 10-இல் பாஸ், அதாவது கடைசியாக வெல்ல வேண்டிய பெரிய மான்ஸ்டர். இவ்வளவையும் வெளிப்படையாகக் காட்டிவிட்டால் அப்புறம் விளையாட என்ன இருக்கிறது என்று முதல் நாள் தோன்றியது. இருக்கிறது, நிறையவே.

போன உயிரைத் திரும்பப் பெறுவதற்கு இருக்கும் முக்கியமான வழி, கருப்புக் கட்டங்களைத் திறப்பது. புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நம் லெவல் எவ்வளவோ அவ்வளவு உயிரும், கூடவே ஒரு மேனாவும் (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) ஏறும். ஒரு தடவை திறந்த கட்டம் மறுபடி உதவாது. ஆக, வேறு கேம்களில் விரட்டியடிக்க வேண்டிய இருட்டு, இங்கே நம் கையிருப்பு. வேடிக்கை பார்க்க ஊர் சுற்றினால் கையிருப்பு கரையும். போதாததற்கு, நாம் பாதியில் விட்டுவந்த மான்ஸ்டரும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தன் லெவல் அளவுக்குத் தேறிக்கொள்ளும். லெவல் 3-இல் இருக்கும் நான் லெவல் 5 மான்ஸ்டரைக் காயப்படுத்திவிட்டு ஐந்து கட்டம் திறந்தால் எனக்கு 15 ஏறும், அதற்கு 25 ஏறும். ஓடிப்போய் ஆறிவிட்டு வந்து மீதியை அடிக்கலாம் என்ற பழக்கம் இங்கே செல்லாது. விஷம் ஏற்றிய மான்ஸ்டர் மட்டும் தேறாது. அது தெரிந்த பிறகு விஷ மந்திரத்தின் மதிப்பு எனக்கு அடியோடு மாறிவிட்டது.

இன்னொரு விதி: லெவல் ஏறினால் உயிரும் மேனாவும் முழுதாக நிரம்பிவிடும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு அனுபவசாலிகள் ஆடும் ஆட்டமே தனி. புதியவர்கள் சின்ன மான்ஸ்டர்களை வரிசையாகத் தீர்த்துவிட்டு மேலே போவார்கள். பழகியவர்கள் அவற்றில் சிலவற்றை வேண்டுமென்றே உயிரோடு விட்டுவைப்பார்கள். அவற்றுக்கு ‘பாப்கார்ன்’ என்று பெயர். மான்ஸ்டரைக் கொன்றால் புள்ளி சேர்ந்து லெவல் ஏறும். அடுத்த லெவலுக்கு ஒன்றிரண்டு புள்ளி மட்டும் குறையும்படி கணக்குப் பண்ணிக்கொண்டு பாஸோடு மோத வேண்டும். உயிர் ஊசலாடும் நேரத்தில் பக்கத்தில் நிற்கும் பாப்கார்னைத் தட்ட வேண்டும். லெவல் ஏறும், எல்லாம் நிரம்பும். சண்டையின் மறுபாதியைப் புது ஆளாகத் தொடரலாம். இதை முதன்முதலில் திட்டமிட்டு முடித்த அன்று எழுந்து வீட்டுக்குள்ளேயே ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு என் ஆட்டமே வேறாகிவிட்டது. இப்போதெல்லாம் டஞ்சனுக்குள் போனதும் அடிப்பதில்லை. கையிருப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கண்ணில் படும் மந்திரங்களையும் கோயில்களையும் குறித்துக்கொள்கிறேன். கோயில் என்றால் அந்த உலகத்துக் கடவுள்களின் பலிபீடம். டாரோக் என்ற போர்க் கடவுளைக் கும்பிட்டால் வெட்டிக் கொல்வதற்கு அருள் கிடைக்கும், மந்திரம் போட்டால் கோபம் வரும். மிஸ்டெரா ஆனூர் மந்திரக்காரர்களின் பக்கம். எந்தக் கடவுளிடம், எந்த லெவலில் போய்ச் சேர்வது என்பதே ஒரு தனிப் புதிர். வகுப்பு என்றால் நாம் தேர்ந்தெடுக்கும் ஆளின் வகை. முதலில் பூசாரி வகுப்பில் நிறைய ஆடினேன். இறந்து எழுந்தவற்றின் மேல் அவருக்கு இரட்டிப்பு அடி என்பதால் கற்றுக்கொள்ளச் சுலபம். இப்போது ரோக் என்ற வகுப்பு. அடி பலமாக விழும், முதலில் விழும், ஆனால் உயிர் குறைவு. கணக்கு ஒரு இழை பிசகினாலும் ஆள் காலி.

என்னோடு கேம் பேசுகிற கல்லூரி நண்பனிடம் இதை ஆடச் சொன்னேன். இரண்டு மூன்று நாள் ஆடிவிட்டுச் சொன்னான்: “மச்சான், நல்லாத்தான் இருக்கு. ஆனா சாகசம் எங்கடா? கணக்குப் பரீட்சை எழுதுற மாதிரியே இருக்கு.” இது அவன் ஒருவனுடைய கருத்து மட்டும் இல்லை. இந்த வகை கேம்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கணக்கு என்பது அடுத்த அடியின் விளைவு மட்டும்தான். அதற்கடுத்த பத்து அடிகளை எந்த வரிசையில் வைப்பது, எதை விட்டுக்கொடுப்பது, பாஸ் எங்கே நிற்கிறான் என்று தெரியாமலேயே எவ்வளவு கட்டத்தை மிச்சம் பிடிப்பது என்பதெல்லாம் துணிச்சலும் ஊகமும் சேர்ந்தது. எனக்கு அதுதான் சாகசம்.

அவன் சொல்லாத ஒரு குறையை நானே சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் வரைபடம் புதிதாக உருவாகிறது. தேவையான மந்திரம் பெரிய மான்ஸ்டரின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அந்த ஆட்டம் மற்றதைவிடக் கடினமாகிவிடும். அடியில் அதிர்ஷ்டம் அநேகமாக இல்லை, ஆனால் அமைப்பில் இருக்கிறது. அது பிடிக்காதவர்களுக்கு உள்ளேயே மாறாத புதிர் அறைகள் தனியாக உண்டு. விதிகளைக் கற்றுக்கொள்ள அவை மிக நல்ல வழி. முதலில் அதை ஆடிவிட்டுப் பிறகு டஞ்சனுக்குப் போங்கள் என்பேன்.

அமைப்பிலும் அதிர்ஷ்டம் வேண்டாம் என்றால் அடுத்த படி ட்ராட். முழுப்பெயர் டெட்லி ரூம்ஸ் ஆஃப் டெத். எரிக் ஹெர்மன்சன் உருவாக்கி 1997-இல் வெளிவந்தது. பிறகு கேரவல் கேம்ஸ் என்ற பெயரில் ரசிகர்களும் அவரும் சேர்ந்து இன்றுவரை வளர்த்திருக்கிறார்கள். கதாநாயகன் பீத்ரோ பட்கின் ஒரு பூச்சி ஒழிப்பு ஆள். டூகன் ராஜாவின் கோட்டைக்கு அடியில் கரப்பான் பெருகிவிட்டது, 25 தளங்களையும் சுத்தம் செய்ய வேண்டும். கதை அவ்வளவுதான். ஒவ்வோர் அறையும் 38-க்கு 32 கட்டம் கொண்ட ஒரு தனிப் புதிர். பீத்ரோ ஒரு கட்டத்தில் நிற்பான், அவன் வாள் பக்கத்துக் கட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எட்டுத் திசைகளில் நடக்கலாம், க்யூ, டபிள்யூ பட்டன்களால் வாளை ஒரு திசை திருப்பலாம். நாம் ஒன்று நகர்ந்தால் எல்லா மான்ஸ்டரும் ஒன்று நகரும். உயிர்ப் புள்ளி என்று எதுவும் இல்லை. தொட்டால் செத்தோம், வாள் பட்டால் அது செத்தது.

பார்க்க ரொம்பப் பழசாக இருக்கிறதே என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். உட்காரவைத்தது அக்கா மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். நான் ஓர் அறையில் முழித்துக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்தவள் சொன்னாள்: “மாமா, குறுக்கால வர முடியலன்னா அது முதல்ல மேல கீழதான் போகுது. அதுவும் முடியலன்னாத்தான் பக்கவாட்டுல வருது. பாருங்க.” சரியான விதி அதுதான். கரப்பான் நம்மை நோக்கி மூலைவாட்டில் வரப் பார்க்கும், அங்கே தடை இருந்தால் மேல்-கீழ், அதுவும் அடைத்திருந்தால் இடம்-வலம். எந்தக் கரப்பானும் இதை மீறுவதில்லை. இந்த ஒரு வரி விதி தெரிந்தால், எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றால் கூட்டம் சிக்கிக்கொள்ளும், எந்த வாசலில் நின்றால் ஒவ்வொன்றாக வரும் என்று முன்பே சொல்லிவிடலாம்.

அதன் மேல் ஒவ்வொரு வகையாக மான்ஸ்டர்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். கரப்பான் ராணி நம்மைக் கண்டு ஓடும், 30 நகர்வுக்கு ஒருமுறை தன்னைச் சுற்றி முட்டையிடும். அப்போது திரையில் ஒரு கடிகாரம் வந்துவிடும். ஒவ்வோர் அடியும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான். கோப்ளின் வாளை மதிக்கும், அதன் பாதையைத் தவிர்த்து முதுகுப் பக்கம் வரப் பார்க்கும். தூங்கிக்கொண்டிருக்கும் கண் ஒன்று உண்டு, அதன் பார்வைக் கோட்டைக் கடந்தால் மட்டும் விழித்துத் துரத்தும். தார்க் குழம்பை நேர் விளிம்பில் வெட்டலாம், வெளிமூலையில் வெட்ட முடியாது. தப்பான இடத்தில் வெட்டினால் துண்டு பிரிந்து உயிர்பெற்று நம்மைத் துரத்த ஆரம்பித்துவிடும். எல்லாமே ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய விதிகள். சேரும்போது வரும் சிக்கல் மட்டும் முடிவில்லாமல் விரிகிறது. இவ்வளவு நேர்மையான கேமை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இது ஏன் எல்லோருக்கும் தெரியவில்லை என்று நினைத்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. சில அறைகளில் புதிர் விடை தெரிந்த பிறகும் ஏகப்பட்ட கரப்பானைப் பொறுமையாக வெட்டித் தீர்க்க வேண்டியிருக்கும். முதல் பாகத்தைப் பற்றி வருகிற பெரிய குறை இதுதான், அது நியாயமான குறை. 2005-இல் வந்த இரண்டாம் பாகம், ஜர்னி டு ரூட்டட் ஹோல்ட், இதில் எவ்வளவோ மேல் என்று ஆடியவர்கள் சொல்கிறார்கள்.

இந்த இரண்டு கேமுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. 1990-களில் ஜப்பானிலிருந்து வந்த டவர் ஆஃப் தி சார்சரர் என்ற இலவச கேம். கோபுரம், தளம் தளமாக மான்ஸ்டர், மஞ்சள், நீலம், சிவப்புச் சாவிகள். தாக்கும் பலத்திலிருந்து தடுக்கும் பலத்தைக் கழித்தால் சேதம், அதில் ஏற்ற இறக்கமே கிடையாது. வரைபடமும் மாறாது. சீனாவில் இதை வைத்து ஒரு கேம் வகையே உருவாகிவிட்டது. கேரவல் ஆட்களும் இதைப் பார்த்துத்தான் 2008-இல் டென்ட்ரிஸ் டேல் என்று ட்ராட் உலகத்தில் ஒன்றைச் செய்தார்கள். நான் கோபுரத்தை மட்டும் கொஞ்சம் ஆடினேன். ஒரு மஞ்சள் சாவியை எந்தக் கதவுக்குச் செலவழிப்பது என்று டீ ஆறும்வரை உட்கார்ந்திருக்க வைக்கிற கேம்.

நண்பனுக்குப் பிடித்தது லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக். பின்லாந்தின் ஆல்மோஸ்ட் ஹ்யூமன் குழு 2012-இல் வெளியிட்டது. 1987-இல் வந்த டஞ்சன் மாஸ்டரின் வழியில், கட்டம் கட்டமாக நகரும் முதல்-நபர் பார்வை, அதாவது நம் கண் வழியே பார்ப்பது போன்ற காட்சி. அவன் வீட்டில் சில மாலைகள் சேர்ந்து ஆடினோம். குழிக்கு அப்பால் இருக்கும் அழுத்தத் தட்டின் மேல் கல்லை எறிந்து கதவைத் திறப்பது, சுவரில் கண்ணுக்கே தெரியாத பட்டனைத் தேடுவது, எல்லாம் அருமை. வரைபடத்தை அணைத்துவிட்டு கிராஃப் பேப்பரில் நாமே வரைந்துகொண்டு ஆடும் முறையும் உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. சண்டைதான் ஒட்டவில்லை. மான்ஸ்டரைச் சுற்றிச் சதுரமாக நகர்ந்துகொண்டே அடித்தால் பெரும்பாலானவற்றை முடித்துவிடலாம். புதிரில் இருக்கும் யோசனை சண்டையில் இல்லை. “அந்தப் பரபரப்புதான்டா டஞ்சன்” என்கிறான் அவன்.

கடைசியாகத் தொட்டது வாய்ட் ஸ்ட்ரேஞ்சர். இதுவும் பின்லாந்துதான், சிஸ்டம் இரேஷர் என்ற இருவர் குழு, 2023. கையில் பிடித்து ஆடும் பழைய கேம் பாய் கருவி மாதிரி ஒரு நிறத் திரை. கையில் ஒரு கோல். எதிரே இருக்கும் தரைக் கட்டத்தைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் வைக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்றுதான். மான்ஸ்டர் நடந்து வரும் தரையையே பிடுங்கிவிட்டால் அது பள்ளத்தில் விழுந்துவிடும். ஆடியவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். உள்ளே ஒளித்துவைத்திருக்கும் ரகசியங்களுக்காகக் கொண்டாடுபவர்கள் ஒருபக்கம், அதையே காரணமாகச் சொல்லிப் பாதியில் விட்டவர்கள் மறுபக்கம். கதையைத் தெரிந்துகொண்டு ஆடினால் பாதி சுகம் போய்விடும் என்பதால் நான் எதையும் படிக்காமல் போகிறேன். அறைகள் சின்னவை, தெளிவானவை. இதுவரை நான் முதல் கட்சி.

இன்றைய நிலவரம்: டெஸ்க்டாப் டஞ்சன்ஸில் ரோக் வகுப்புக்கு இன்னும் சில டஞ்சன்கள் பாக்கி. டூகன் ராஜாவின் கோட்டையில் பாதித் தளங்களைத் தாண்டியாகிவிட்டது. இப்போது நிற்கும் தளத்தில் எல்லா அறையும் முடித்தால்தான் நீலக் கதவு திறக்கும். தார் நிறைந்த ஓர் அறை மட்டும் மிச்சம். அதன் நடுவே ஒரு ராணி வேறு இருக்கிறாள். தாரை வலப்பக்க விளிம்பிலிருந்து வெட்டிக்கொண்டு போனால் ராணி முட்டையிடும் முன் அவளிடம் போய்ச் சேர முடிகிறதா என்று அடுத்த விடுமுறையில் அக்கா மகளோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.