ஆவணி முதல் ஐப்பசி வரை பார்த்த படங்கள்

25 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

மேட்டூர் அணையை இந்த வருஷம் வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். எங்கள் வலங்கைமான் பக்கம் பம்புசெட் இல்லாதவர்களுக்குக் குறுவை போனது போனதுதான். இப்போது குடமுருட்டியில் தண்ணீர் ஓடுகிறது, சம்பா வேலை இனிமேல்தான். கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்ததால் நானும் தம்பியும் பைக்கில் கும்பகோணம் போய் ‘கொட்டுக்காளி’ பார்த்தோம்.

பின்னணி இசையே இல்லாத படம். ஷேர் ஆட்டோ இரைச்சல், சேவல், காற்று, ஆட்களின் பேச்சு, அவ்வளவுதான். முதல் பத்து நிமிஷம் தியேட்டரில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். படம் அமைதியாக இருக்கிறது என்று புரிந்ததும் அவர்களும் அமைதியாகிவிட்டார்கள். அன்னா பென் கிட்டத்தட்ட வாயையே திறப்பதில்லை, ஆனால் அவரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு காளை வழியை மறித்து நிற்கிறது. அத்தனை ஆம்பிளைகளும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த இடத்தில் கை தட்டியது நான்தான்.

முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று தம்பிக்குக் கோபம். அதை நம்மிடம்தான் கேட்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. வீடு வந்து சேரும்வரை அதே பேச்சு.

22 செப்டம்பர், ஞாயிறு

‘லப்பர் பந்து’. அறுவடை முடிந்த வயலில் ஸ்டம்பு நட்டு விளையாடி வளர்ந்தவர்கள் யாரும் இதைத் தவறவிடக் கூடாது. விஜயகாந்த் பாட்டு ஒலித்ததும் தியேட்டரே எழுந்துவிட்டது. அவர் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு முன்வரிசையில் நரைத்த தலை ஒருவர் விசில் அடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘அட்டகத்தி’ தினேஷும் சுவாசிகாவும் வரும் காட்சிகள் மனதில் நின்றுவிட்டன.

29 செப்டம்பர், ஞாயிறு

அம்மா தியேட்டருக்கு வந்தார்! 2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது ஊரே கிளம்பிப் போனது, அப்போதுகூட வரமாட்டேன் என்றவர். ‘மெய்யழகன்’ நீடாமங்கலத்துக் கதை என்று தம்பி சொன்னதுதான் தாமதம், மத்தியானமே புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா பிறந்த ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரை.

படத்தில் நீடாமங்கலம் பேர் வந்ததும் பின்னாலிருந்து ஒருவர், “கேட்டு போட்டுட்டாங்களாப்பா?” என்று கத்தினார். அந்த ரயில்வே கேட்டில் வெயிலில் நின்று வெந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

ஆனால் அதற்கு முன்னாலேயே ஒன்று நடந்துவிட்டது. 1996-ல் தஞ்சாவூர் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு அருள்மொழியின் (பெரியவனானதும் அரவிந்த்சாமி) குடும்பம் கிளம்புகிறதே, அங்கே அம்மா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. தாத்தா போன பிறகு பாகப்பிரிவினையில் அம்மா வீடும் விற்றுப் போனது. அதிலிருந்து மாமாவோடு கல்யாணம், காரியம் என்றால் மட்டும்தான் பேச்சு. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அம்மா அந்த வீட்டைப் பற்றிப் பேசியதில்லை. இடைவேளையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “கெணத்தடியில துணி தொவைக்கிற கல்லு ஒண்ணு இருந்துச்சு. அதையும் சேத்துத்தான் வித்தாங்க.”

கல்யாண மேடையில் அருள் தங்கை முறையான புவனாவுக்குத் தரும் பரிசைப் பற்றி எழுத மாட்டேன், பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். கார்த்தி “அத்தான், அத்தான்” என்று பின்னாலேயே சுற்றுவது நம் பக்கத்து மனுஷர்கள் அப்படியே. சொந்தக்காரன் வந்தால் சாப்பாடு போட்டு, பாய் விரித்து, ராத்திரி ஒரு மணிவரை பேசாமல் விடுவோமா? அரவிந்த்சாமி கார்த்தியின் பேர் தெரியாமல் விழிக்கும்போதெல்லாம் எனக்கும் பதைப்பாக இருந்தது. கல்யாண வீடுகளில் எத்தனை பேரை அப்படிப் பார்த்துச் சிரித்துவைத்திருக்கிறேன்.

30 செப்டம்பர், திங்கள்

காலையில் அம்மா மாமாவுக்குப் போன் போட்டுப் படத்தின் கதையை அரை மணி நேரம் சொன்னார். நான் வேலைக்குக் கிளம்பாமல் வாசலிலேயே நின்று கேட்டேன்.

6 அக்டோபர், ஞாயிறு

மாமாவை அழைத்துக்கொண்டு மறுபடியும் ‘மெய்யழகன்’. படம் முதலில் 177 நிமிஷம். நீளம் என்று பலர் சொன்னதால் பதினெட்டு நிமிஷத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். போன வாரம் என் பக்கத்திலேயே ஒருவர் கொட்டாவி விட்டார், அது உண்மைதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த ராத்திரிப் பேச்சுதான் படமே. கதைக்குத் தேவையா என்று பார்த்தா வீட்டில் பேசுகிறோம்? சுற்றி வளைத்துப் பேசப் பேசத்தான் இருவருக்கும் நடுவில் ஏதோ இளகுகிறது. கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவன் அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான், நமக்கு மட்டும் என்ன அவசரம்?

அம்மா போனில் சொன்ன சில பேச்சுகள் மாமா பார்த்த படத்தில் இல்லை. “அக்கா சொன்னது எங்கடா மாப்ள?” என்று வெளியே வந்ததும் கேட்டார். பஸ் ஸ்டாண்டு வரை நடந்துகொண்டே எனக்கு நினைவிருந்த மட்டும் சொல்லி முடித்தேன்.

3 நவம்பர், ஞாயிறு

தீபாவளிக்கு வந்த ‘அமரன்’. அம்மா, மாமா, அத்தை, நான், தம்பி என்று ஐந்து டிக்கெட். வேறு தியேட்டர், நிரம்பி வழிந்தது. எங்கள் வரிசையில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. போய்ச் சொன்னால் “ஹவுஸ்ஃபுல் சார்” என்பதோடு முடித்துக்கொண்டார்கள். அத்தை தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு முழுப் படமும் பார்த்தார். காசு வாங்கிவிட்டு வயசானவர்களை இப்படி உட்கார வைப்பது தப்பு.

மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியானில் வீரமரணம் அடைந்தார் என்பது தெரிந்தே போகிறோம். அப்படியும் கடைசி அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். சண்டைகளை விட, அவர் மனைவியாக வரும் சாய் பல்லவி போனுக்காகக் காத்திருக்கும் இடங்களே என்னை அதிகம் உலுக்கின. அசோக சக்ரா வாங்க அந்த மனைவி நடந்து போகும்போது யாரும் எழுந்து கிளம்பவில்லை.

வெளியே தூறல். பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா, மாமாவைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி கேட்டார்:

“அந்த வீட்டுக்காரங்க உள்ள விடுவாங்களாடா?”

“எனக்குத் தெரிஞ்சவங்கதான்க்கா. கல்லு அங்கயேதான் கெடக்கு. வர்ற ஞாயித்துக்கெழம வா.”