ஷண்ட் கம்பி எங்கே போய்ச் சேருகிறது?

டர்பன் பட்டறையில் நம்மோடு ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் நீள்வதையும் சுருங்குவதையும் மின்தடை மாற்றமாகக் காட்டும் மெல்லிய பட்டை) ஒட்டிப் பழகியவர்கள் இரண்டு எண்களை மறந்திருக்க மாட்டார்கள். 120 ஓம் கேஜுக்கு 59,880 ஓம், 350 ஓம் கேஜுக்கு 174,650 ஓம். கேஜ் ஃபேக்டர் (நீளம் மாறும் விகிதத்தைப் போல் எத்தனை மடங்கு தடை மாறுகிறது என்பது) 2 என்றால், அளவீட்டைச் சரிபார்க்க இந்த ரெசிஸ்டரை, அதாவது ஷண்டை, கேஜுக்கு இணையாகப் போட்டதும் மீட்டர் 1000 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அமுக்கம் காட்ட வேண்டும். கணக்கு எல்லோருக்கும் வந்தது. தவறியதெல்லாம் கம்பியில்தான்.

மேசைக்கடியில் கிடந்த 30 மீட்டர் கேபிள் சுருள் நினைவிருக்கும். 0.22 சதுர மில்லிமீட்டர் செம்பு. கம்பி ஒன்றுக்கு ஏறக்குறைய 2.35 ஓம். 120 ஓம் கேஜை இரண்டே கம்பியில் இழுத்தால், கேபிள் 10 டிகிரி சூடேறியதும் 760 மைக்ரோஸ்ட்ரெயின் அளவுக்குப் பொய் கிளம்பும். வெயிலில் கிடக்கும் கேபிளுக்கு 10 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் மூன்று கம்பி. மூன்றும் ஒரே நீளம், ஒன்றாக முறுக்கியவை. ஒரு கம்பி கேஜின் ஒரு காலுக்கு. மற்ற இரண்டும் அடுத்த காலிலேயே சேர வேண்டும், தள்ளியிருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் அல்ல.

இப்படி வெப்பப் பிழை அடங்கினாலும், 120 ஓம் கேஜோடு தொடரில் ஒரு கம்பியின் 2.35 ஓம் இருப்பதால் 1.9 சதவீதம் உணர்திறன் குறைந்தே இருக்கும். கருவிக்குள் கேஜோடு ஒப்பிட வைத்திருக்கும் டம்மி ரெசிஸ்டருக்கு ஷண்ட் போட்டால் இந்த இழப்பும் அளவீட்டில் சேர்ந்து சரியாகிவிடும்; அப்போது மீட்டர் இழுவிசையாகக் காட்டும்.

நான்கு கைகளிலும் கேஜ் இருக்கும் முழு பிரிட்ஜ் சுற்றில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 10 வோல்ட், 350 ஓம் பிரிட்ஜில் 174,650 ஓம் வழியாக 28.6 மைக்ரோஆம்பியர் ஓடும். கருவிப் பக்கத்தில் ஷண்டை சிக்னல் கம்பியிலேயே கட்டினால், அந்த மின்னோட்டம் 2.35 ஓமில் 67 மைக்ரோவோல்ட் விடும். வர வேண்டியதோ 5 மில்லிவோல்ட். 1.3 சதவீதம் பிழை! ஷண்டுக்கென்று தனிக் கம்பிகளைக் கேஜின் கால் வரை கொண்டுபோனால் இந்தத் தொல்லையே இல்லை. அவற்றின் சில ஓம், 174,650-க்கு முன்னால் ஒன்றுமில்லை. ரெசிஸ்டர் மட்டும் 0.1 சதவீதம் அல்லது அதைவிட நல்லதாக, வெப்பத்துக்கு அசையாததாக இருக்கட்டும்.

துறைமுகக் காற்றின் ஈரத்தில், துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்கத் தடவும் பசை) படலமும் ஒரு ஷண்ட்தான். இரு கால்களுக்கும் இடையே 1 மெகாஓம் கசிவு இருந்தாலே 120 ஓம் கேஜ் 60 மைக்ரோஸ்ட்ரெயின் நகரும். சால்டர் வைத்ததும் பிரஷ்ஷால் கரைப்பான் தடவி, பழுப்பு நிறம் போகும்வரை ஒற்றியெடுங்கள். பிறகு கேஜுக்கும் உலோகத்துக்கும் இடையே 10,000 மெகாஓம் இருக்கிறதா பாருங்கள். 500 வோல்ட் மெக்கரை (காப்புத் தடை சோதிக்கும் மீட்டர்) வைக்காதீர்கள், கேஜே போய்விடும்.

ஒன்று மட்டும் ஷண்டுக்குத் தெரியாது: கேஜ் உலோகத்தோடு ஒட்டியிருக்கிறதா என்பது. பிய்ந்து தொங்கும் கேஜும் 1000 காட்டும். பென்சில் ரப்பரால் கேஜின் மேல் மெல்ல அழுத்தி விடுங்கள். மீட்டர் பழைய எண்ணுக்குத் திரும்பாவிட்டால் அடியில் காற்றுக் குமிழி இருக்கிறது. சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும்.