புலி முத்திரை குத்திய மூட்டைகள்

யாரும் கட்டப்போகாத தீம் பார்க்குக்கு வரைபடம் போடுவதுதான் என் பொழுதுபோக்கு. பகலில் மயிலாடுதுறையில் வங்கி வேலை. ராத்திரி அடுப்படியை ஒழித்துப்போட்ட பிறகு கிராஃப் நோட்டும் பென்சிலும்.

ஆரம்பித்து வைத்தது 1999-ல் வந்த ரோலர்கோஸ்டர் டைகூன் என்கிற, தீம் பார்க் கட்டி நடத்தும் கணினி விளையாட்டு. கிறிஸ் சாயர் அதைக் கிட்டத்தட்ட முழுக்க அசெம்பிளி மொழியிலேயே (கணினிச் சிப்பின் கட்டளைகளுக்கு மிக நெருக்கமான மொழி) எழுதியிருக்கிறார். ரசிகர்கள் சேர்ந்து எழுதிய ஓப்பன்ஆர்சிடி2 என்ற இலவச மென்பொருளின் புண்ணியத்தில் என் பழைய லேப்டாப்பில் இன்னமும் ஓடுகிறது. எல்லோரும் கோஸ்டர் கட்டுவார்கள். நான் வரிசையில் நிற்கிற குட்டி மனுஷர்கள் எப்போது அலுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது கையில் இருப்பது காவிரிப்பூம்பட்டினம். இருட்டுக்குள் போகும் படகு சவாரி, கடைசியில் கடல் ஏறி வரும். கதை எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். எனக்கு முக்கியம் க்யூ. பட்டினப்பாலையில் ஒரு சுங்கச்சாவடி முற்றம் வருகிறதே, புலி முத்திரை குத்திக் குவித்த மூட்டைகளும் அதன்மேல் துள்ளித் திரியும் நாயும் ஆட்டுக்கிடாயுமாக, அதுதான் என் க்யூ. ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே சந்து சந்தாக வளைந்து போகும். முன்னால் எத்தனை பேர் என்று தெரியாது. மிளகு வாசனை வரும். பிள்ளைகள் புறங்கையில் புலி முத்திரை குத்திக்கொள்ளலாம். (கிடாய்க்கு மோட்டார் வைப்பேன். நிஜக் கிடாய் பிள்ளைகளை முட்டும்.)

பிறகு கணக்கு. படகுக்கு 16 பேர், 20 விநாடிக்கு ஒரு படகு என்றால் மணிக்கு 2,880 பேர். காகிதத்தில் ஜோர்தான். ஆனால் புடவையைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற படகில் கால் வைக்க என் அம்மாவுக்கு எத்தனை நேரம் ஆகும்? 40 விநாடி என்று வைத்தால் 1,440. ஒரே அடியில் பாதி.

1969-ல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் திறந்த ஹாண்டட் மேன்ஷன் என்கிற பேய் மாளிகை சவாரியில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வண்டிகள் சங்கிலிபோல ஓயாமல் நகரும். ஏறும் இடத்தில் தரையும் கூடவே நகரும். அங்கே எனக்கு இன்னும் பிடித்தது 'நீளும் அறை'. சவாரிக் கட்டடம் பூங்காவின் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆட்களைத் தண்டவாளத்துக்கு அடியில் நடத்திப் போக வேண்டும். அதனால் அறையையே லிஃப்ட் ஆக்கிவிட்டார்கள். உள்ளே நிற்பவருக்குச் சுவர் வளர்வதுபோலத் தோன்றும், உண்மையில் அவர்தான் இறங்கிக்கொண்டிருப்பார். ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவில் இருக்கும் இன்னொரு ஹாண்டட் மேன்ஷனுக்கு அந்தத் தேவை இல்லை. அங்கே தரை அசையாது, கூரைதான் மேலே போகும். இக்கட்டிலிருந்து பிறந்த மூலம்தான் எனக்கு உசத்தி.

நானும் படகுக்கு நகரும் மேடை போட்டாயிற்று. வெளியேறும் வழிதான் பாக்கி. சவாரி முடிந்ததும் ஆட்களைக் கடைக்குள் இறக்கிவிடுவது உலக வழக்கம். ஊரே மூழ்கியதைப் பார்த்துவிட்டு வருகிறவரிடம் கீ செயின் நீட்ட எனக்கு மனசு வரவில்லை. “நனைஞ்சு வர்றவங்களுக்கு சுக்குக் காப்பி குடேன்” என்கிறார் வீட்டுக்காரர். நோட்டில் ஆறு கட்டம் ஒதுக்கியிருக்கிறேன்.