கியூடெக்ஸ் பூசின கரண்டியும் கல்லடிக் கொடுவாவும்

அமாவாசையை ஒட்டின நாட்களில், இரவு எட்டு மணிக்கு மேல் மட்டக்களப்பு வாவிக்கரையில் கல்லடிப் பாலத்தடிக்குப் போனால் இந்தக் காட்சியைக் காசில்லாமல் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்து இறங்குவார். முதுகில் தூண்டில் றொட், தோளில் பெட்டி, நெற்றியில் காத்தான்குடி வரைக்கும் வெளிச்சம் அடிக்கிற லைட். பெட்டியைத் திறந்தால் தங்கமும் வெள்ளியுமாக ஸ்பின்னர்பெய்ட் என்கிற தூண்டில் சாமான் ஒன்று மினுங்கும். பக்கத்தில் உயிர் இறாலைக் கொழுவி, தங்கூசி நூலை விரலில் சுற்றிக்கொண்டு குந்தியிருக்கிற பெரியவர் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்.

“என்ன மனே, கரண்டிய எறியிறாய்? கறி எங்க?”

தம்பி சிரித்துவிட்டு எறியத் தொடங்குவார். இரண்டு மணித்தியாலம் எறிவார். பெரியவரின் உமலில் மூன்று மீன் துடிக்கும். தம்பியின் கரண்டி கழுவி எடுத்த மாதிரியே ஒவ்வொரு முறையும் திரும்பி வரும். மீனிலும் பிழையில்லை, வாவியிலும் பிழையில்லை. பகல் வெயிலுக்கென்று செய்த சாமானை இருட்டில் எறிந்தால் இதுதான் நடக்கும்.

ஸ்பின்னர்பெய்ட் என்றால் சட்டைப் பின்னை விரித்துப் பிடித்த மாதிரி ஒரு கம்பி. கீழ்க்கையில் ஈயத்தலை, அதோடு ஒரு முள், முள்ளை மறைக்க சிலிக்கன் குஞ்சம். மேற்கையில் கிறுகுகிற பிளேட். அமெரிக்காவில் பெரியவாய்ப் பாஸ் மீன் பிடிக்கிறவர்களின் சாமான் இது. அந்தப் பாஸ் எங்கட வாவியில் இல்லை. இங்கே இருக்கிறது கொடுவா. இங்கிலீசில் அதுவும் ஸீ பாஸ்தான் என்பதால் பெயர்ப் பொருத்தம் ஓரளவு சரி, ஆனால் குணப்பொருத்தத்துக்குச் சாமானைக் கொஞ்சம் வெட்டிக் கொத்த வேண்டியிருக்கிறது.

கடையில் வருகிற சாமான் பெரும்பாலும் 14 கிராம், நீட்டுக் கை, இரண்டு வில்லோ பிளேட். வில்லோ என்பது வேப்பிலை மாதிரி ஒடுங்கி நீண்டது. அது கம்பியோடு ஒட்டி வேகமாகச் சுற்றி, சின்னமீன் கூட்டம் மாதிரி மினுங்கும். வெயில் இருந்தால்தான் மினுக்கம். இரவில் மீன் தேடுகிறது அதிர்வை. உடம்பின் பக்கவாட்டில் ஓடுகிற கோட்டால் அது தண்ணீரின் அசைவை வாங்குகிறது, கண் அதற்குப் பிறகுதான். ஆகவே ஒற்றைக் கொலராடோ பிளேட் வேண்டும். கிட்டத்தட்ட வட்டம், நல்ல குழிவு, கரண்டி என்ற பட்டத்துக்கு முழுத் தகுதி. அகலமாகக் கிறுகி, டும் டும் என்று தண்ணீரை இடிக்கும். மெதுவாக இழுத்தாலும் நிற்காது. 14 கிராம் தலைக்கு 5ஆம் நம்பர், 21 கிராமுக்கு 6ஆம் நம்பர். 5ஆம் நம்பர் ஐந்து ரூபாய்க் குற்றியைவிடப் பெரிசாக இருக்கும். 14 கிராமில் 6ஐப் போட்டுப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். போட்டால் பிளேட் நேராகப் போகும், சாமான் அதைச் சுற்றிக் கிறுகும்.

இனி வெட்டு. மேற்கையின் நுனி வளையத்தை வட்டமூக்குக் குறட்டால் திறந்து, இரண்டு பிளேட்டையும், முன்பிளேட்டைத் தாங்குகிற சின்ன லாடத்தையும், மணிகளையும் கழற்றுங்கள். மணிகளை வீசவேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதற்கு ஒரு சண்டை நிச்சயம். நீட்டுக் கையில் பிளேட் முள்ளின் வளைவுவரைக்கும் வரும். இரவுக்குக் கை குட்டையாக வேண்டும். பிளேட் ஈயத்தலையைத் தாண்டித் தொங்கவேண்டும், முள்நுனியைத் தொடக்கூடாது, அந்த இடைவெளிதான் கணக்கு. குட்டைக் கையின் நன்மை விழும்போது தெரியும். நூலைத் தளர விட்டாலும் பிளேட் ஹெலிகொப்டர் மாதிரிச் சுற்றிக்கொண்டே இறங்கும். நீட்டுக் கை இறங்கும்போது சாய்ந்து சொதப்பும்.

இங்கேதான் பாதிப்பேர் விழுகிறது. வேண்டிய நீளத்தை அளந்து, சரியாக அந்த இடத்திலேயே நறுக்கென்று வெட்டிவிடுவார்கள். வளையம் போடக் கம்பி எங்கே? அதற்கு 12 முதல் 15 மில்லிமீற்றர் கூட விட்டு வெட்டவேண்டும். மறந்தால் கை இன்னும் குட்டையாகி, பிளேட் ஈயத்தில் டக் டக்கென்று அடிக்கும். “அது சத்தத்துக்காக வேணுமெண்டுதான் செஞ்சது மச்சான்” என்று சொல்லிச் சமாளிக்கலாம், பலர் சொல்லியும் வருகிறார்கள்.

கம்பியையும் முழுதாகப் புதிதாகச் செய்வோம் என்று சைக்கிள் கம்பியை எடுக்கிறவர்கள் உண்டு. அது 2 மில்லிமீற்றர் மொத்தம். ஸ்பின்னர்பெய்ட் கம்பி 0.9 முதல் 1 மில்லிமீற்றர் வரையான துருப்பிடிக்காத உருக்கு. மெல்லிய கம்பிதான் பிளேட்டின் அடியை றொட்டுக்கும் தண்ணீருக்கும் கடத்தும். சைக்கிள் கம்பியில் செய்தால் அதிர்வு செத்துவிடும், முதலைக்கு எறிய வேண்டுமானால் சரி.

பிளேட்டைக் கம்பியோடு இணைத்துச் சுற்றவிடுகிற மூட்டுத்தான் சுவிவல், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவுச் சாமானில் வருகிற பீப்பா சுவிவல் வேகத்தில் சுற்றும், மெதுவாக இழுத்தால் பிடித்துக்கொள்ளும். இரவு வேலை முழுக்க மெதுவேலை. போல் பெயாரிங் வைத்த சுவிவல் போடுங்கள். சோதனை லேசு: மேற்கையைப் பிடித்துக்கொண்டு பிளேட்டில் வாயால் ஊதுங்கள். சூடான பிளேன்டீயை ஊதுகிற அளவுக்கு ஊதினாலே கிறுகவேண்டும். கன்னம் உப்பி நாதஸ்வரம் வாசிக்க வேண்டியிருந்தால் சுவிவல் சரியில்லை.

அடுத்தது நிறம், இந்தப் பதிவின் தலைப்புக்குக் காரணமான விடயம். இரவில் கறுப்பு ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள். கொடுவா கீழே நின்று மேலே பார்க்கிறது. எவ்வளவு இருட்டானாலும் வானம் தண்ணீரைவிட வெளிப்புத்தான், அந்த வெளிப்பில் கறுப்புத்தான் உருவமாகத் தெரியும். ஆகவே பிளேட்டும் கறுப்பு, குஞ்சமும் கறுப்பு.

பிளேட்டை 400ஆம் நம்பர் தண்ணிப்பேப்பரில் மினுக்கம் போகும்வரை தேய்த்து, சவுக்காரம் போட்டுக் கழுவி, காயவிட்டு, இரண்டு பக்கமும் கியூடெக்ஸ், அதாவது நகப்பூச்சு, பூசுங்கள். விரல் எண்ணெய் பட்டால் அந்த இடம் உரியும், ஓரத்தில் பிடியுங்கள். மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவே அரை மணித்தியாலம், கடைசியில் ஒரு முழுநாள் காயவிடவேண்டும். அவசரத்தில் ஒரே பூச்சாகத் தடித்துப் பூசினால் நிறம் ஒரு ஓரத்தில் வடிந்து துளியாக உறையும். அந்தத் துளி பிளேட்டின் சமநிலையைக் கெடுத்து, டும் டும் என்பது டும்... ட... டும் ஆகும். கறுப்புக் கியூடெக்ஸ் எல்லா வீட்டிலும் இராது. மெரூன் இருக்கும், அதுவும் கலியாண வீட்டுக்கென்று நேற்று வாங்கினதாக இருக்கும். இருட்டில் சிவப்பும் மெரூனும் கறுப்பாகத்தான் தெரியும், ஆகவே மீனைப் பொறுத்தவரை பிரச்சினையில்லை. மற்ற ஆளைப் பொறுத்தவரை இங்கே உத்தரவாதம் தர ஏலாது. பூரணை இரவானால் உட்குழிவைப் பூசாமல் விடலாம், நிலவு கொஞ்சம் பிடிக்கும். ஆனால் அன்றைக்குத் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, மறுநுனியில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்க வாறவர்கள் தோணியில் இருப்பார்கள். மீன் தவில் வாசிக்கிறது என்று அவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னால் பொறுப்பு உங்களுடையது.

குஞ்சத்தை இறுக்கிப் பிடிக்கிற றப்பர் வளையம் வெயிலுக்கு வெடிக்கும். பழுதான மோட்டரில் இருக்கிற செப்புக் கம்பியை உரித்தெடுத்து நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினால் அதற்குமேல் கவலையில்லை. நுனியை உள்ளே மடிக்காவிட்டால் உங்கள் பெருவிரலில்தான் முதல் கொத்து. குஞ்சம் முள்வளைவைத் தாண்டி ஒன்றரைச் சென்றிமீற்றர் போதும். கூட விட்டால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். குஞ்சத்துக்குள் மூன்றங்குல மென்பிளாஸ்டிக் வால் ஒன்றைக் கொழுவினால் சாமான் பருக்கும், இறக்கமும் மெதுவாகும். முள்ளுக்குப் பின்னால் இன்னொரு முள், அதாவது பின்முள், போடலாமா என்றால், திறந்த தண்ணீரில் போடலாம். கண்டல் வேருக்குள் எறிகிறவர்கள் போட்டால் அன்றிரவு முழுக்கப் பிடிபடுவது கண்டல்தான்.

இவ்வளவும் செய்து இழுத்தால் சாமான் ஒரு பக்கம் சாய்ந்து வரும். ஒற்றைப் பிளேட்டின் முறுக்கு அது. முதலில் முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், மேற்கையும் முள்ளும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். நின்றும் சாய்ந்தால் மேற்கையை ஒரு மில்லிமீற்றர் அளவு பக்கவாட்டில் வளைத்து, கரையோரத் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். மோசமானால் மற்றப் பக்கம். அதுக்கும் சரிவராவிட்டால் பாரம் காணாது. வீச்சுவலை ஈயத்தில் ஒன்றிரண்டு கிராமைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, முள்தண்டில் தலையை ஒட்டிச் சுற்றுங்கள். முள்வளைவுப் பக்கம் சுற்றினால் பின்பக்கம் தொங்கி, களைத்த மாடு மாதிரி வரும். ஈயத்தைக் கடையில் வாங்குங்கள். பெரியவரின் வலையிலிருந்து ஒன்றைக் கழற்றினால் அவர் எண்ணிப் பார்ப்பார், கட்டாயம் எண்ணிப் பார்ப்பார். தலையையே வார்க்கப் போகிறவர்கள் அடுப்படியில் உருக்க வேண்டாம். ஈயம் 327 பாகையில் உருகும், புகையும் தூசும் நஞ்சு. அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் ஆவியாகி ஈயம் முகத்துக்குத் தெறிக்கும்.

நூல் 30 இறாத்தல் பிரெய்ட் என்கிற பின்னல் நூல், முன்னால் ஒரு முழத்துக்குக் கூடுதலாக 40 இறாத்தல் தங்கூசி. கொடுவாவின் செவுள்மூடி சவரக்கத்தி மாதிரி, பிரெய்ட்டை நேராகக் கட்டினால் ஒரு தலையாட்டலில் பிரெய்ட்டும் இல்லை, கியூடெக்ஸும் இல்லை. கட்டும் இடத்தில் கம்பி மூடின வளையமாக இல்லாமல் வெறும் வளைவாக இருந்தால் நூலுக்கும் சாமானுக்கும் நடுவே கொழுக்கி போடவேண்டாம். எறிகையில் அது கம்பிவழியே பிளேட்வரைக்கும் வழுக்கிப் போய்ச் சிக்கும். நேராக முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு மேலும் கீழும் சின்ன சிலிக்கன் குழாய்த்துண்டு ஏற்றிவிடுங்கள்.

எறியிற இடம் பாலத்தின் மேல் அல்ல. பின்வீச்சில் முச்சக்கர வண்டியின் கூடாரம் கொழுவினால் 30 இறாத்தல் நூல் காணாது, அது ஆரையம்பதி போய்த்தான் நிற்கும். கரையில் நின்று, பாலத்து வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற கோட்டைப் பாருங்கள். இறாலும் மணலை மீனும் வெளிச்சத்தில் கூடும், கொடுவா இருட்டுப் பக்கம் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டத்துக்கு மேற்பக்கம் எறிந்து, அடியைத் தொடவிட்டு, றீலை ஒரு சுற்றுக்கு ஒரு செக்கனுக்குக் குறையாமல் சுற்றுங்கள். றொட் நுனியில் நாடி அடிக்கிற மாதிரித் தெரியும். நாடி மெலிந்தால் பாசி, மழைக்குப் பிறகென்றால் ஆற்றுவாழை வேர். நாடி நின்றால் இழுங்கள், அது மீன். வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சுகிற இனம் என்பதால் பிடுங்கல் இராது, திடீரென்று ஒன்றுமில்லாமல் போகும். மீன் தண்ணீரில் அடிக்கிற டொப் என்ற சத்தத்துக்குப் பதறி இழுக்கிறவர்கள் சாமானைத் தங்கள் நெற்றிக்கே இழுத்துக்கொள்கிறார்கள்.

நெற்றி லைட்டைத் தண்ணீருக்கு அடிக்காதீர்கள், முடிச்சுப் போடும்போது மட்டும் வாவிக்கு முதுகு காட்டி ஏற்றுங்கள். தப்பித் தவறி அடித்து, சிவப்பாக இரண்டு கண் தெரிந்தால் சந்தோஷப்பட முன் இடைவெளியைப் பாருங்கள். கொடுவாவின் கண்ணும் வெளிச்சத்துக்குச் சிவப்பாக ஒளிரும், ஆனால் அது தண்ணீருக்குள் இருக்கும். தண்ணீருக்கு மேலே, ஒரு சாண் இடைவெளியில், இமைக்காமல் இரண்டு கண் தெரிந்தால் அது இந்தப் பதிவில் அடங்காத இனம். இடுப்புத் தண்ணீரில் இறங்கி நிற்கிறவர்கள் அப்போது நடக்கிற வேகத்தை எந்தப் பிளேட்டாலும் எட்ட ஏலாது.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, சுவிவலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தையல் மெசின் எண்ணெய் போதும், தேங்காயெண்ணெய் இறுகும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கடியில் வைத்தால் அடுத்த அமாவாசைக்குள் குஞ்சம் உருகி மென்பிளாஸ்டிக் வாலோடு ஒட்டிக் களிமாதிரி ஆகும். குஞ்சத்தில் குழந்தைப் பவுடர் தூவி, வாலைத் தனிப் பையில் போடுங்கள்.

நிறம் மூன்று நாலு இரவில் ஓரத்தில் உரியத் தொடங்கும், திரும்பப் பூசவேண்டும். போத்தலை எடுத்த இடத்திலேயே, எடுத்த திசையிலேயே வைத்துவிடுங்கள். குறைந்த அளவைத் தண்ணீர் விட்டு நிரப்ப நினைக்கிறவர்களுக்கு: கியூடெக்ஸில் தண்ணீர் கலவாது, தனியாகப் பிரிந்து நிற்கும்.