பஸ் நிலையத்துப் பக்கத்து வெளி

திருகோணமலை பஸ் நிலையத்தை ஒட்டிய சின்ன வெளியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் என் கை பென்சிலைத் தேடும். காலமெல்லாம் கட்டடப் படம் கீறிப் பிழைத்தவன், வேறென்ன செய்வேன்?

அதைத் திருத்தி அழகாக்குவது என்றதும் எல்லோருக்கும் நீரூற்றும் இன்டர்லாக் கல்லும்தான் ஞாபகம் வரும். நின்று படமெடுக்க ஊர்ப்பெயர் பெரிய எழுத்தில் வேறு வேண்டுமாம். சரி, முதலில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்று பாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும். கிண்ணியா பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சனம் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக ஒடுங்கி நிற்கும். நம்மூர்த் தெருவில் திரியும் புள்ளிமான்களும் எங்கே மண் குளிர்ச்சியோ அங்கேதான் படுக்கும். நிழல் எங்கே வேண்டும் என்று இதற்கு மேல் அளக்கவா வேண்டும்? மேற்குப் பக்கமாக வேம்பும் பூவரசும் வையுங்கள். ஆனால் கல்லைத் தண்டுவரை நெருக்கிப் பதித்துவிடாதீர்கள். சுற்றிவர நாலடி மண்ணாவது விட்டால்தான் மார்கழி மழை வேருக்கு இறங்கும். இல்லாவிட்டால் அத்தனை தண்ணீரும் வடிகால் கானுக்குப் போய், கான் நிரம்பி ரோட்டுக்கு வரும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு ‘பாதை’ என்கிற மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்த பாடு ஒழிந்தது. ஆஸ்பத்திரி, கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று வருகிறவர்கள் இப்போது நேரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். மூட்டையும் கைக்குழந்தையுமாக இறங்குகிறவரை ஆறங்குலக் கட்டு ஒன்று தடுக்கக் கூடாது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது சரிவுப்பாதைக் கணக்கு. ஆக அதற்கு ஆறடி போதும். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இலேயே வந்துவிட்டது.

ஓட்டோத் தரிப்பிடத்தைத் தூரத் தள்ள நினைக்காதீர்கள். இரவு பஸ்ஸில் தனியாக வந்து இறங்குகிற பெண்பிள்ளைகளுக்கு அங்கே நாலு தெரிந்த முகம் இருக்கும்.

அப்புறம் குப்பைத் தொட்டி. சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டை 2017இல் தடைசெய்தார்கள், ஆனாலும் சோறு ஒட்டிய பொலித்தீன் பை இன்னும் தெருவில் கிடக்கிறது. மான் அதை அப்படியே விழுங்கிவிடும், வயிற்றில் அது செரிக்காது. அதனால் தொட்டிக்கு மான் மூக்கால் தள்ளித் திறக்க முடியாத பாரமான மூடி வேண்டும்.

கன்றுகளுக்குக் கம்பிக்கூடும் ஆறடிக்குக் குறையக் கூடாது. பின்னங்காலில் எழும்பி நின்று கொழுந்தைக் கடிக்கிற சாதி மான். மாசியிலிருந்து புரட்டாதி வரை தண்ணீர் ஊற்றும் வேலையைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கூலி பேசிக் கொடுத்துவிடுங்கள். நிழல் வந்தால் வியாபாரம் அவருக்குத்தானே, கன்றைப் பட்டுப்போக விடமாட்டார்.